தேய்மானம் என்ற சொல்லும் முழங்காலின் இருநூறு ஆண்டுகளும்

முழங்கால் வலியைப் பற்றித் தமிழில் பேசுவோர் ஏறக்குறைய அனைவரும் இன்று கையாளும் சொல் 'தேய்மானம்'. இந்தி பேசுவோர் முழங்கால் 'கிஸ் கயா' என்கிறார்கள். மராத்தியில் அது 'ஜீஜ்', ஆங்கிலத்தில் 'வேர் அண்ட் டேர்', ஜெர்மானிய மொழியில் 'ஃபெர்ஷ்லைஸ்'. மொழிகள் வெவ்வேறு, உருவகம் ஒன்றே. செருப்பின் அடிப்பகுதியைப் போல, மாட்டு வண்டியின் அச்சாணியைப் போல, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்துகொண்டே போகும் ஒரு பொருளாக மூட்டு இங்கே உருவகிக்கப்படுகிறது. இந்த உருவகத்துக்குள் சொல்லப்படாத அறிவுரை ஒன்றும் இருக்கிறது: தேய்வதைக் காக்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். மாடிப்படி ஏறாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் உறவினரும் அண்டை வீட்டாரும் கூறுவதெல்லாம் அந்த அறிவுரையின் விரிவுரைகளே.

ஆனால் கடந்த இருநூறு ஆண்டு மருத்துவ வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மூட்டு ஓய்வால் காக்கப்படுமா, அளவறிந்த சுமையால் காக்கப்படுமா என்ற வழக்கு அந்த வரலாறு நெடுகிலும் நடந்திருக்கிறது. தீர்ப்பு பெருமளவு இரண்டாம் தரப்புக்குச் சாதகமாக வந்துவிட்டது. சொல் மட்டும் தோற்ற தரப்பிலேயே நின்றுவிட்டது.

தேய்மானம் என்ற கருத்து மிகப் பழையதும் அன்று. சரக சம்ஹிதை மூட்டில் தங்கும் வாதத்தை விவரிக்கும்போது, காற்று நிரம்பிய தோற்பையைத் தொடுவது போன்ற வீக்கத்தையும், மடக்கும்போதும் நீட்டும்போதும் எழும் வலியையும் குறிப்பிடுகிறது. அங்கே நோய்க்கு முதல் வாயு, உராய்வு அன்று. தமிழின் 'கீல்வாதம்' அந்த மரபைச் சேர்ந்த சொல்தான். எனினும் அதன் முதற்பாதி சற்றுக் கவனிக்கத்தக்கது. 'கீல்' என்பது உடலின் மூட்டையும் குறிக்கும், கதவின் கீலையும் குறிக்கும். இயந்திர உருவகத்துக்கு வேண்டிய இடம் தமிழில் முன்பே ஒழிந்து கிடந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம்; அதற்கு மேல் சொல்வது மிகையாகிவிடும்.

ஓய்வு என்ற சிகிச்சை வலுப்பெற்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் 1860 முதல் 1862 வரை ஆற்றிய உரைகள் 1863-இல் நூலாயின. ஓய்வும் வலியும் பற்றிய அந்நூல் பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் அதை இன்னும் கடுமையான நெறியாக்கினார். எலும்பு கட்டும் பரம்பரையில் பிறந்த அவர், இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்களைப் பற்றி 1875-இல் எழுதிய நூலில், மூட்டை அசையவிடாமல் நெடுங்காலம் கட்டிவைப்பதையே மையமாகக் கொண்டார். அவர் வடிவமைத்த கட்டுச்சட்டம் முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த எண்ணற்ற வீரர்களின் உயிரைக் காத்தது. அதனால் அவருடைய பெயரும் கொள்கையும் ஒருசேரப் புகழ் பெற்றன.

தாமஸைப் பிற்போக்கராகக் காட்டுவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. அவர் கண்ட மூட்டு நோயாளிகளில் பெரும் பகுதியினர் காசநோய் தாக்கிய குழந்தைகளும் இளைஞர்களும். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், சீழ் பிடித்த இடுப்பு மூட்டை அசைப்பது நோயைப் பெருக்கும். அசையாமல் வைத்தால் சிலரேனும் பிழைப்பர். ஓய்வு அங்கே பொருத்தமான சிகிச்சைதான். பிழை நேர்ந்தது பின்னால். காசநோய் மூட்டுக்கு வகுத்த நெறி, முதுமையில் வரும் மூட்டு வலிக்கும் விளையாட்டில் அடிபட்ட முழங்காலுக்கும் கேள்வியின்றி நீட்டிக்கப்பட்டது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்து அந்நெறியின் முதற்காரணத்தை அகற்றிய பிறகும் நெறி மட்டும் தங்கிவிட்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் வட கோடியில் எதிர்த் தரப்பு உருவாகிக்கொண்டிருந்தது. வாட்போர் ஆசிரியரும் கவிஞருமான பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் அரச மைய உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பயிற்சியைக் கல்வி, படை, மருத்துவம், அழகியல் என நான்காகப் பகுத்தவர் அவர். மருத்துவப் பிரிவில் ஒவ்வோர் அசைவுக்கும் தொடக்க நிலை, திசை, முடிவு நிலை ஆகியவை வரையறுக்கப்பட்டன. பயிற்றுநர் கையால் எதிர்ப்புக் கொடுக்க, நோயாளி அதை மீறி அசைத்தார். லிங்கின் வழிவந்த மருத்துவர் குஸ்தாவ் சாண்டர், ஒரு நோயாளிக்கு ஒரு பயிற்றுநர் என்ற முறை பெருநகரத்துக்குக் கட்டுப்படியாகாது எனக் கண்டு, 1865-இல் பயிற்றுநரின் கைக்குப் பதிலாக நெம்புகோலும் எடைக்கல்லும் கொண்ட பொறிகளை வைத்து ஒரு நிலையம் திறந்தார். எடையைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சுமையைக் கூட்டலாம் என்பதே அப்பொறிகளின் உயிர்நாடி. 1876-ஆம் ஆண்டு பிலடெல்பியாக் கண்காட்சியில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் தொடைக்கும் இடுப்புக்கும் நிற்கும் இயந்திரங்களின் முன்னோர் அவையே. மூட்டை இயந்திரமாகக் கண்டவர்கள் அதைக் கட்டிவைத்துக்கொண்டிருக்க, உண்மையான இயந்திரங்களைச் செய்தவர் மூட்டை அசைக்கச் சொன்னார் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இரு மரபுகளும் நெடுங்காலம் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. அறுவை மருத்துவர்களுக்கு ஸ்வீடன் பயிற்சி என்பது வசதி படைத்தோரின் நீரூற்று நகரங்களில் நடக்கும் பொழுதுபோக்கு. பயிற்சியாளர்களுக்கு மருத்துவமனை அந்நிய நிலம். சந்திப்பை நிகழ்த்தியது போர்தான்.

1940-களின் நடுவில் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. அறுவை முடிந்த முழங்கால்கள் ஆறியிருந்தன, ஆனால் வீரர்களால் நிற்க முடியவில்லை, தொடை சூம்பியிருந்தது. வழக்கத்திலிருந்த சிகிச்சை இலேசான எடையை மிகப் பல முறை தூக்குவது. மாதக்கணக்கில் நடந்தும் முன்னேற்றம் சொற்பமாகவே இருந்தது. சிகாகோவின் கார்டினர் பொது மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவருக்கு வேறோர் அனுபவம் இருந்தது. சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கித் தன் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். அக்கால மருத்துவ அறிவுரைக்கு அது நேர் எதிரானது. அவர் நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடைத் தட்டுகளை ஏற்றி, முழங்காலை நீட்டச் செய்தார். இலேசான எடையும் பல முறையும் என்றிருந்ததைப் பளுவான எடையும் சில முறையும் என்று திருப்பிப் போட்டார். 1945 அக்டோபரில் வெளியான அவருடைய கட்டுரை, பளுவான எதிர்ப்புப் பயிற்சியால் தசை வலிமையை மீட்பதைப் பற்றியது.

அந்தக் கட்டுரைக்குப் பின் நடந்த சொல்மாற்றம் மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 1945-இல் 'பளுவான எதிர்ப்பு' என்றிருந்த அடைமொழி சில ஆண்டுகளுக்குள் 'படிப்படியாகக் கூடும் எதிர்ப்பு' என்றாயிற்று. ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து 1951-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே அதுதான். முதற்சொல் ஒரு பண்பைக் குறிக்கிறது, இரண்டாம் சொல் ஒரு வழிமுறையை. தன் காலின் எடையையே தூக்க இயலாத நோயாளிக்கும் இரண்டாவது சொல் இடம் தருகிறது. எண்களும் மாறின. தொடக்கத்தில் ஓர் அமர்வுக்கு 70 முதல் 100 முறை வரை இருந்தது, 1948-இல் மூன்று சுற்றுகளாகச் சுருங்கியது. ஒருவரால் சரியாக 10 முறை தூக்க முடிந்த எடையை அளவாகக் கொண்டு, முதலில் அதன் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுமை, ஒவ்வொன்றும் 10 முறை. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் ஒலிக்கும் 'பத்துப் பத்தாக மூன்று செட்' என்ற மந்திரத்தின் பிறப்பிடம் அடிபட்ட முழங்கால்தான் என்பது அங்கே ஒலிப்போரில் பலருக்குத் தெரியாது.

அடிபட்ட முழங்காலுக்கு மேலே தொடை ஏன் இவ்வளவு விரைவில் சூம்புகிறது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பயன்படுத்தாததால் என்பது பாதி விடை. மறுபாதி 1965-இல் கிடைத்தது. டி ஆண்ட்ராடே, கிராண்ட், டிக்சன் ஆகியோர் முழங்கால் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி விரியச் செய்தபோது, குவாட்ரிசெப்ஸ் எனப்படும் தொடை முன்தசையின் இயக்கம் அனிச்சையாகவே தடைபடுவதைக் காட்டினார்கள். அதாவது வீங்கிய மூட்டு தன்னைத் தாங்கும் தசையை நரம்பு வழியே அணைத்துவிடுகிறது. தாங்கும் தசை ஓய்ந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்வும் மூட்டின் மீதே விழும், வலி கூடும், வலி கூடினால் தசை மேலும் ஓயும். 1997-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்லெமெண்டாவும் குழுவினரும், எக்ஸ்-ரேயில் மூட்டு மாற்றம் தெரிந்தும் வலியே இல்லாதவர்களிடமும் இத்தசையின் பலவீனத்தைக் கண்டார்கள். பலவீனம் வலியின் விளைவு மட்டும் அன்று என்பது அதனால் தெளிவாயிற்று.

இடுப்பின் கதை சற்று வேறு. அங்கே முதல் வெளிச்சம் நடையைக் கூர்ந்து நோக்கியதால் கிடைத்தது. ஃபிரீடரிக் டிரெண்டலன்பர்க் 1895-இல், ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு தாழ்ந்துபோவது எலும்பின் குறையால் மட்டும் அன்று, இடுப்பின் வெளிப்புறத் தசைகள் தாங்காததால் என்று விளக்கினார். பின்னர் பவுவெல்ஸ் அந்நிலையை நெம்புகோல் கணக்காக்கினார். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் அந்தத் தசைகள் உடலைச் சமன்செய்ய இழுக்கும் விசையும் சேர்வதால், இடுப்பு மூட்டு சுமப்பது உடல் எடையைப் போலப் பன்மடங்காகிறது. வலிக்கும் இடுப்புக்கு எதிர்ப்புறக் கையில் கைத்தடி பிடிக்கச் சொல்வதன் காரணம் இதுவே. வலிக்கும் பக்கத்திலேயே தடியை ஊன்றும் பழக்கம் இன்றும் மிகுதி. பல திரைப்படங்களில் முதியவர் வேடம் ஏற்போரும் அப்படித்தான் ஊன்றுகிறார்கள்.

இதற்கிடையே இயந்திர உருவகத்துக்கு அது வரை கண்டிராத வலிமையைத் தந்த நிகழ்வொன்று இங்கிலாந்தில் நடந்தது. ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, இடுப்பு மூட்டை உராய்வு குறைந்த ஒரு தாங்குருளையாகவே கருதி ஆராய்ந்து, செயற்கை மூட்டு பொருத்தினார். 1958 முதல் அவர் டெஃப்லான் கிண்ணங்களைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அவை தேய்ந்துபோயின. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவை அழற்சியுறச் செய்தன. துகள்களின் விளைவை அறியத் தன் தொடையிலேயே அவற்றைச் செலுத்திப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறிய பிறகே இன்றைய மூட்டு மாற்று அறுவையின் யுகம் தொடங்கியது. நோய் முற்றிய இலட்சக்கணக்கானோருக்கு அந்த அறுவை நடையைத் திருப்பித் தந்திருக்கிறது. அதன் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஒரு சொல்நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். சார்ன்லியின் கதையில் சொல்லுக்குச் சொல் பொருந்தும்படி தேய்ந்தது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. குருத்தெலும்பு உயிருள்ளது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. சுமை ஏறும்போது அழுந்தி, சுமை இறங்கும்போது விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. டொராண்டோவில் ராபர்ட் சால்டர் முயல்களில் செய்த ஆய்வுகள், அசைக்கப்பட்ட மூட்டில் குருத்தெலும்புக் காயம் கட்டிவைத்த மூட்டைவிட நன்றாக ஆறுவதைக் காட்டின. பழுது பார்ப்பவரின் பட்டறையிலிருந்து வந்த சொல் இந்தத் திசுவுக்குப் பொருந்தவில்லை.

இந்தியாவில் இவ்வழக்கு வேறு ஆடை உடுத்திக்கொண்டது. குவலயானந்தர் 1924-இல் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களை ஆய்வுக்கூடச் சோதனைக்கு உட்படுத்தும் 'யோக மீமாம்சா' இதழையும் அதே ஆண்டில் தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். நவீன ஆசனப் பயிற்சியில் லிங் வழிவந்த ஐரோப்பிய உடற்பயிற்சியின் தடம் உண்டு என்று மார்க் சிங்கிள்டன் 2010-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். அவ்வாதம் இன்றும் கடும் விவாதத்துக்கு உரியது. கடன் வாங்கியது யார் என்பதைவிட இங்கே முக்கியமானது, இரு மரபுகளும் ஒரே எண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன என்பது: சரியான நிலை ஒன்று உண்டு, உடலை அதற்குள் கொண்டுவர வேண்டும். புனேயில் பி.கே.எஸ். அய்யங்கார் இதில் நடைமுறைக்கு உகந்த ஒரு திருப்பத்தைச் செய்தார். உடல் நிலைக்குள் வராவிட்டால், கம்பளமும் கட்டையும் பட்டையும் கயிறும் கொண்டு நிலையை உடலருகே கொண்டுவந்தார். முழுவதும் மடங்காத முழங்காலுக்கும் திறக்காத இடுப்புக்கும் அவருடைய வகுப்பில் இடம் இருந்தது. டிலோர்மின் 'படிப்படியாக' என்ற சொல்லுக்கு இந்திய வழக்கில் ஓர் இணை தேடினால், அதை அந்த மரக்கட்டைகளில்தான் தேட வேண்டும்.

மருத்துவமனை சார்ந்த இயன்முறை மருத்துவக் கல்வி 1950-களின் தொடக்கத்தில் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு வேரூன்றியது. அதன் உடனடித் தேவை இளம்பிள்ளைவாதம். தசை செயலிழந்த குழந்தைகளுக்காக வந்த துறை, முதியோரின் மூட்டு வலிக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் பல மருத்துவமனைகளில் முழங்கால் வலியோடு வருபவருக்கு முதலில் கிடைப்பது சூடும் மின் ஒத்தடமும்; பயிற்சி ஒரு துண்டுத்தாளில் அச்சிட்ட படங்களாக வீட்டுக்குப் போகிறது.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 1997-இல் அமெரிக்காவில் எட்டிங்கர் குழுவினர் முழங்கால் மூட்டு நோயுள்ள, 60 வயது நிரம்பிய 439 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதங்கள் பின்தொடர்ந்தனர். ஒரு பிரிவு நடந்தது, ஒன்று எடை தூக்கியது, ஒன்று உடல்நலக் கல்வி மட்டும் பெற்றது. பயிற்சி செய்த இரு பிரிவுகளிலும் வலியும் இயலாமையும் ஓரளவு குறைந்தன. எக்ஸ்-ரேயில் மூட்டு மேலும் கெடவில்லை. 'ஓரளவு' என்ற சொல்லை விழுங்கிவிடக் கூடாது. பயிற்சி அற்புதம் செய்வதில்லை, விட்டுவிட்டால் பலனும் குறைந்துபோகிறது. இடுப்புக்கான ஆய்வுகள் முழங்காலுக்கானவற்றைவிடக் குறைவு. திடீர் வீக்கம், காய்ச்சல், இரவில் எழுப்பும் வலி ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டியவை, பயிற்சிப் பாயில் தீர்க்க வேண்டியவை அல்ல.

தேய்மானக் கருத்துக்கு மிகப் பெரிய அடி கொடுத்தது மருத்துவமனை ஆய்வு அன்று, எலும்புக்கூடுகள். இயன் வாலஸும் டேனியல் லீபர்மேனும் குழுவினரும் 2017-இல் 2,500-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, 50 வயதைக் கடந்தோரில் முழங்கால் மூட்டு நோயின் தடம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரிய அமெரிக்கரிடம் 16 விழுக்காடு. தொழில்யுகத் தொடக்கத்தில் வாழ்ந்தவரிடம் 6 விழுக்காடு. வரலாற்றுக்கு முந்தைய வேட்டைச் சமூகங்களில் 8 விழுக்காடு. வயதையும் உடல் பருமனையும் கணக்கில் கொண்ட பிறகும் இக்காலத்தவரிடம் ஏறத்தாழ இரு மடங்கு. உழைப்பால் தேய்வதே காரணமென்றால், நாள் முழுதும் நடந்தும் குந்தியும் சுமந்தும் வாழ்ந்தவர்களிடம் அல்லவா மிகுந்திருக்க வேண்டும்? அசைவின்மையே காரணம் என்று அவ்வாய்வு நிறுவிவிடவில்லை. தேய்மானம் என்ற விளக்கம் போதாது என்பதை மட்டும் நிறுவியது, அதுவே பெரிது.

'திருத்தப் பயிற்சி' என்ற தொடருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. எதைத் திருத்துவது? லிங் காலத்திலிருந்தே விடை, உடலின் கோணலை. இன்று அலைபேசித் திரைகளில் விற்கப்படும் பல பயிற்சித் திட்டங்கள், முதலில் பார்ப்பவரின் இடுப்பு சாய்ந்திருக்கிறது, முழங்கால் உள்நோக்கி வளைந்திருக்கிறது என்று அஞ்சவைத்துவிட்டே பயிற்சியைக் கற்பிக்கின்றன. ஆனால் நடையோ எடையோ நீச்சலோ, தொடர்ந்து செய்பவருக்குப் பலன் கிடைக்கிறது. ஏதோ ஒரு வகைதான் ஏனையவற்றை வென்றுவிட்டது என்று சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. அஞ்சுபவர் தொடர்ந்து செய்வாரா என்பது தனிக் கேள்வி.

அச்சத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை ஆஸ்திரேலியாவில் சமந்தா பன்ஸ்லி குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகத் தொட்டது. மூட்டு மாற்று அறுவைக்காகக் காத்திருந்தவர்களிடம் உரையாடியபோது, எலும்போடு எலும்பு உரசுகிறது, தேய்ந்தது திரும்பாது என்ற நம்பிக்கையே பயிற்சியை மறுப்பதற்கான காரணமாக மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. டென்மார்க்கில் 2013-இல் ஏவா ரூஸும் சோரன் ஸ்கோவும் தொடங்கிய திட்டத்தில், ஆறு வார மேற்பார்வைப் பயிற்சிக்கு முன்னதாக நோயைப் பற்றிய பாட அமர்வுகள் வைக்கப்பட்டதும் இக்காரணத்தாலேயே எனக் கொள்ளலாம்.

தமிழில் இதற்கு இணையான ஆய்வுக்குக் களம் புறநோயாளிப் பிரிவு. மருத்துவர் எக்ஸ்-ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து முதலில் சொல்லும் சொல் எது, அதைக் கேட்டவர் வீடு திரும்பி எந்தெந்த வேலைகளை நிறுத்துகிறார், அந்தச் சொல்லுக்குப் பதில் வேறொன்றைக் கேட்டவர் எதைத் தொடர்கிறார் என்பதைப் பின்தொடரும் பணியை மொழியியல் துறையும் இயன்முறை மருத்துவத் துறையும் சேர்ந்தே செய்ய முடியும்.